காணைக் களத்தில் நான் அழுத்தாத பட்டன்

வேலையை விட்டுப் போகிறவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது, படப்பிடிப்புக் குழுக்களுக்கு இடம் பார்த்துக் கொடுக்கும் நம் அலுவலகத்தின் வழக்கம். எனக்கு முன்னால் போனவர்கள் எழுதியதையெல்லாம் படித்துப் பார்த்தேன். அனுமதிக் கடிதம் எங்கே வாங்குவது, டிரோன் பறக்கவிட யாரைக் கேட்பது, வெளிநாட்டுக் குழுவுக்கு என்ன சாப்பாடு ஒத்துக்கொள்ளும் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. இதெல்லாம் பத்து நாளில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். நான் பொறாமையைப் பற்றி எழுதப்போகிறேன். இந்த வேலையில் அதற்கு யாரும் பயிற்சி தருவதில்லை, ஆனால் தினமும் தேவைப்படும்.

முப்பத்தொரு வயதில் ஓய்வா என்று சிரிக்காதீர்கள். ஏழு வருடம் வாக்கி-டாக்கியும் கையுமாக வெயிலில் நின்றவளுக்கு இது ஓய்வுதான். அடுத்த மாதம் விழுப்புரத்தில் சொந்தமாக ஒரு கார் ஒர்க்‌ஷாப் திறக்கிறேன். மெக்கானிக்கல் படித்துவிட்டு, மற்றவர்கள் கார் ஓட்டுவதைப் படம்பிடிக்க இடம் பார்த்துக் கொடுத்தது போதும்.

நான் சொல்லப்போவது ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சியின் கார் நிகழ்ச்சியைப் பற்றி. பெயர் வேண்டாம், நாடும் வேண்டாம். மூன்று தொகுப்பாளர்கள் மூன்று ஓட்டைக் கார்களை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வார்கள், போகிற ஊரையும் கிண்டல் செய்வார்கள். கல்லூரி விடுதியில் அதன் ஒரு பாகத்தைக்கூட நான் தவறவிட்டதில்லை. எந்தப் பாலைவனத்தில் எந்தக் காரின் கியர் பெட்டி உடைந்தது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அவர்கள் இங்கே வருகிறார்கள், திண்டிவனத்தில் தொடங்கி விழுப்புரம் வழியாக முகையூர் வரை கிராமத்துச் சாலைகளில் ஓட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. முகையூர் என் ஊர்.

மூவரில் மூத்தவரான பெரிய தொகுப்பாளரின் பக்கத்து சீட்டில் வழி சொல்ல உள்ளூர் ஆள் ஒருவர் உட்கார வேண்டும், அந்த ஆள் கேமராவிலும் வருவார் என்றார்கள். அந்த சீட் எனக்குத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரும் சொல்வதற்கு முன்பே அம்மாவுக்குப் போனும் போட்டுவிட்டேன்.

"கடைசி நாளு நம்ம ஊருக்குள்ள வர்றோம்மா. நான் முன் சீட்ல ஒக்காந்துகினு வருவேன், ரோட்டுக்கு வந்து பாரு."

"ஓட்ட காருன்றே. நம்ம ஊரு எல்லைக்கு வந்து நின்னுடப் போவுது, மானம் பூடும்," என்றாள் அம்மா. ஆனால் அன்றே தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

மூன்று வாரம் பைக்கில் அலைந்து இடம் பார்த்தேன். எந்த வளைவில் கேமரா வைத்தால் மலை தெரியும், எந்தப் பாலத்தில் அந்தப் பழைய வண்டி இடிக்கும், எந்த ஊரில் எதைச் செய்யக்கூடாது என்று நாற்பது பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். குழுவில் எல்லோருக்கும் ஒரு பிரதி.

பிரபு எனக்கு ஒன்றரை வருடம் ஜூனியர். திண்டிவனம் டவுனில் வளர்ந்தவன். காரைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சாவி போட்டால் ஓடும் என்பது மட்டும்தான். என்னை வாய் நிறைய 'அக்கா' என்று கூப்பிடுவான். அதுவே எரிச்சலாக இருக்கும்.

முதல் நாள் காலை, திண்டிவனம் லாட்ஜ் வாசலில் பெரிய தொகுப்பாளரின் கார் கிளம்பவில்லை. உருண்டை மூக்குள்ள பழைய வாடகைக் கார் அது. நான் பானெட்டைத் திறந்தேன். இக்னிஷன் பக்கம் ஒரு வயர் கழன்றிருந்தது. மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள், டீ கிளாஸும் கையுமாக நின்றிருந்த பிரபு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். தமிழில் இதுதான்: "எங்க தாத்தாவும் இப்டித்தான் சார். காலையில ரெண்டு பேரு தள்ளினாத்தான் ஸ்டார்ட் ஆவாரு."

பெரிய தொகுப்பாளர் தன் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டச் சிரித்தார். இயக்குநர், வெயிலுக்குத் துணித் தொப்பி போட்ட உயரமான பெண்மணி, சிரிப்பு வந்த திசையைப் பார்த்தார். பானெட்டைப் பார்க்கவில்லை. "அந்தப் பையனைக் காரில் உட்கார வையுங்கள்" என்றார். வண்டி என் கையால் ஓடியது. அவன் ஏறிப் போனான். டயர்களையும் தண்ணீர் கேன்களையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வரும் வேனில் நான் ஏறினேன்.

இதில் நியாயம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லைதான். ஒரு பெண் என்ஜினைப் பற்றிப் பேசுவதைவிட ஒரு பையன் தாத்தாவைப் பற்றிப் பேசுவது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் என் கோபம் அவர்கள் மேல் போகவில்லை. அவர்கள் பெரியவர்கள், நாளைக்கு வேலை கொடுப்பவர்கள். அது நேராகப் பிரபுவின் மேல் போய் உட்கார்ந்தது. பொறாமைக்கு எப்போதும் பக்கத்து ஆள்தான் கண்ணில் படுவான்.

மூன்று நாள் இப்படியே போயிற்று. பெருமுக்கல் மலையடியில் அவன் சிரித்தான், அவர்கள் சிரித்தார்கள். விழுப்புரம் மேம்பாலத்துக்குக் கீழே அவன் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தான், அதையும் படம்பிடித்தார்கள். சாயங்காலம் ஆனால் என் வேனுக்கு வந்து, "அக்கா, நாளைக்கு எந்தப் பக்கம் படிச்சினு வரணும்?" என்று கேட்பான். நான் பக்க எண்ணைச் சொல்வேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

நான்காம் நாள் காணைப் பக்கம். கிராமத்துச் சாலை, பங்குனி வெயில். பாதிச் சாலையை அடைத்துக் கேப்பைக் கதிர் பரப்பியிருந்தார்கள். சென்னையிலிருந்து வந்திருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அது ஏறிப் போவதற்காகவே போட்டிருப்பது. போகிற வருகிற வண்டியின் சக்கரம் பட்டுத்தான் மணி உதிரும். ஒதுங்கிப் போனால் போட்டவர்கள் திட்டுவார்கள். இது என் குறிப்பில் இருக்கிறது. பிரபு அதைப் படித்திருந்தான்.

"ஏறுங்க சார், ஏறுங்க! எங்க ஊர்ல கதிரடிக்கிற மிஷினே ரோட்ல போற வண்டிங்கதான்!" என்றான் கேமராவைப் பார்த்து.

மூன்று கார்களும் கதிர்மேல் ஏறின. ஓரத்தில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். "இன்னொரு வாட்டி வாங்க!" என்று ஒருத்தி கத்தினாள். கார்கள் திரும்பி வந்து மறுபடி ஏறின. பெரிய தொகுப்பாளர் ஜன்னலில் தலையை நீட்டி, தன் வாழ்க்கையில் தான் ஓட்டிய கார் உருப்படியாக ஒரு வேலை செய்தது இதுதான் முதல் தடவை என்றார். இயக்குநர் வாக்கியில் பிரபுவின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். எல்லோர் காதிலும் விழுந்தது. என் வரி, என் வெயில், என் மூன்று வாரம். என் வேன் கடைசியாக அந்தக் கதிர்மேல் ஏறியபோது கேமராவை மூடிவிட்டிருந்தார்கள்.

அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு வளைவு. வளைவைத் தாண்டியதும் சாலையின் இடது பக்கம் நீளமாக மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு அதுதான் பெயர். சாலையை ஒட்டி சிமெண்ட் களம். களத்தின் நடுவில் இடுப்புயரத்துக்கு மேல் ஒரு மல்லாட்டைக் குவியல். கார்கள் நின்றன. என் வேன் கொஞ்சம் பின்னால் நின்றது. முன்கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது.

வாக்கியில் பிரபுவின் குரல் வந்தது. "ஸ்டெல்லாக்கா, இங்க மல்லாட்டை காயுது. கேப்ப மாதிரி இதுமேலயும் ஏறலாமா? சார் ஏறணும்ன்றாரு."

கேப்பைக்கு நசுங்கினால்தான் வேலை. மல்லாட்டை நசுங்கினால் செத்தது. தோல் கீறிய பருப்பு முளைக்காது, எறும்பு வரும், பூஞ்சை பிடிக்கும். இது எனக்குக் குறிப்புப் புத்தகத்தில் வந்த அறிவில்லை. எங்களுக்கு நிலம் கிடையாது. அம்மா அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை ஆய்ந்துதான் என்னைப் படிக்க வைத்தாள். "ஏறாத" என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். கட்டைவிரல் பட்டன்மேல்தான் இருந்தது.

அழுத்தவில்லை.

"அக்கா? அக்கா, கேக்குதா?"

நாற்பது பக்கத்தில் இதுவும்தானே இருக்கிறது, படிக்கவில்லையா என்று நினைத்தேன். யாராவது விவசாயி வந்து கேமரா முன்னால் அவனை நாலு வார்த்தை கேட்கட்டும், அப்போது தெரியும் யாரைக் காரில் உட்கார வைத்திருக்க வேண்டும் என்று. அவ்வளவுதான் என் கணக்கு. சத்தியமாக அந்த மல்லாட்டைக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார் என்பது என் மனதில் வரவே இல்லை. அந்த நேரத்தில் உலகத்தில் நானும் பிரபுவும் மட்டும்தான் இருந்தோம்.

ஐந்து விநாடி இருக்கும். பிரபு என் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். என்ஜின்கள் உறுமின.

சட்டியில் பொரி பொரிவதைப் போல ஒரு சத்தம். மூன்று கார்களும் போய், திரும்பி, மறுபடி வந்தன. பெரிய தொகுப்பாளர் இன்னும் பெரிதாக ஏதாவது வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். காரைக் களத்துக்குள் விட்டு, மூக்கைக் குவியலில் சொருகி நிறுத்தினார். இறங்கி, கனத்த பூட்ஸ் காலோடு குவியலின்மேல் ஏறினார். உச்சியில் ஒரு பிடி சாணமும் அதில் செருகிய அருகம்புல்லும் இருந்தன. அளந்து மூட்டை கட்டுகிறவரை குவியலுக்குக் காவலாக வைக்கிற சாணிப் பிள்ளையார். அவர் அதைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டார். இந்த ஊர் மாடுகள் மலையேறிப் போய்தான் காரியம் முடிக்கும் போலிருக்கிறது, கடலைக்கு மசாலா இப்படித்தான் சேர்க்கிறார்கள் என்று கேமராவைப் பார்த்துச் சொல்லி, பூட்ஸ் முனையால் அதை எத்திவிட்டார். பிள்ளையார் உருண்டு கீழே விழுந்தார். கூட வந்த இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சார்! நோ சார்! நோ!" என்று பிரபு காரிலிருந்து குதித்தான். களத்துக்குள் கால் வைப்பதற்குமுன் அவன் தன் செருப்பை உதறியதை நான் பார்த்தேன்.

வேப்பமரத்தடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஈரக் கையோடு ஓடி வந்தார். அஞ்சலை என்று பெயர். குத்தகைக்கு எடுத்த நிலத்தில் பயிர் வைப்பவர்.

"யார்ரா அது, என் மல்லாட்ட மேல ஏறிக்கினு நிக்கிறது? எறங்குடா! செருப்பு காலோட ஏறிக்கீறான் பாரு! டேய், எறங்குடான்றேன்!"

பெரிய தொகுப்பாளர் இரண்டு கையையும் தூக்கி, நன்றாகச் சிரித்துக்கொண்டு, சாரி சாரி என்றார். அவர்கள் ஊரில் அப்படிச் சிரித்தால் சண்டை வேண்டாம் என்று அர்த்தமாம். காணையில் அதற்கு வேறு அர்த்தம்.

"சிரிக்கிறான்! விதைய ஒடச்சிட்டு நின்னு சிரிக்கிறான்!"

ஐந்து நிமிடத்தில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். அஞ்சலையின் கொழுந்தன் கொளஞ்சி டிராக்டரைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்திச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நாலைந்து போன்கள் மேலே உயர்ந்தன. பிரபு நடுவில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தான். "அவருக்குத் தெரியாதுக்கா, வெளியூரு, தெரியாம பண்ணிட்டாரு," என்றான். "உனக்குத் தெரியாதாடா? நீ இன்னா வெளியூரா?" என்று யாரோ அவன் சட்டையைப் பிடித்தார்கள்.

நான் ஓடினேன். இங்கே ஒரு விஷயம் உங்களுக்குப் பயன்படும். இப்படிப்பட்ட நேரத்தில் கோபத்தை மென்மையாக்கி மொழிபெயர்க்காதீர்கள். கொஞ்சம் வருத்தப்படுகிறார்கள் என்று சொன்னால் அந்த ஆள் இன்னும் சிரிப்பார். நான் குவியலின் கீழே நின்று அவரிடம் சொன்னேன்: "சிரிப்பதை நிறுத்துங்கள். அது சாணம் இல்லை, அவர்கள் வைத்த சாமி. நீங்கள் நிற்பது கடலைமேல் இல்லை, அடுத்த போகத்துக்கு அவர் விதைக்கப்போகிற வயல்மேல். பூட்ஸைக் கழற்றிவிட்டு இறங்குங்கள்."

அவர் முகம் ரத்தமாகச் சிவந்தது. அங்கேயே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். வெறும் காலைச் சிமெண்டில் வைத்ததும் சூடு தாங்காமல் குதித்தார். ஒரு பெண் பக்கென்று சிரித்துவிட்டாள். கொளஞ்சி ஒரு சாக்கைத் தூக்கி அவர் காலடியில் எறிந்தார். "இதும்மேல நில்லு. வெந்துடப் போவுது."

இயக்குநர் என்னைத் தள்ளி அழைத்துப் போய், எவ்வளவு பணம் வேண்டுமோ கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்றார். அஞ்சலையிடம் கேட்டேன்.

"அத வெச்சிக்கினு இன்னா பண்றது? கடையில வாங்குன வெத ரெண்டு வருசம் முளைக்காம ஏமாத்திச்சின்னு, இந்த வருசம்தான் நானே நின்னு செடி செடியா பாத்து வெதைக்கி ஒதுக்குனேன். இந்த வெத எந்தக் கடையில கெடைக்கும்?" அவர் குனிந்து இரண்டு கை நிறைய அள்ளிக் காட்டினார். பாதி ஓடு பிளந்து பருப்பு தெரிந்தது. "ஒடஞ்சது நல்லதோட கெடந்தா நல்லதும் பூடும். பொழுது சாயறதுக்குள்ள தனியா பொறுக்கணும். ஒடச்சவங்க ஒக்காந்து பொறுக்கட்டும். அந்தப் பொட்டிய மூடச் சொல்லு மொதல்ல." பெட்டி என்றது கேமராவை.

கேமராவை மூடினார்கள். டிராக்டர் நகராது என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மூன்று தொகுப்பாளர்கள், லைட் ஆட்கள், சவுண்ட் ஆட்கள், எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தில் உட்கார்ந்தார்கள். வெயிலுக்குக் கொளஞ்சி மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டினார். பிரபு சாணிப் பிள்ளையாரை எடுத்துப் புதுத் தண்ணீர் தொட்டுப் பிடித்து, அஞ்சலையிடம் கொடுத்தான். அவர் வாங்கிப் பழைய இடத்தில் வைத்தார்.

நாங்கள் உட்காருவதற்குமுன் இயக்குநர் என்னையும் பிரபுவையும் கூப்பிட்டார். ஏறலாம் என்று அனுமதி கொடுத்தது யார்?

"நான்தான் மேடம்," என்றான் பிரபு. "அக்காவக் கேட்டேன். பதில் வரல. நானா முடிவு பண்ணிட்டேன்." பிறகு என்னைப் பார்த்தான். "வாக்கில பேட்டரி பூடுச்சாக்கா?"

எவ்வளவு சுலபமாக ஒரு கதவைத் திறந்துவிட்டான் பாருங்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

"ஆமா," என்றேன்.

குவியலின் ஒரு பக்கத்தில் நானும் அவனும் எதிரெதிராக உட்கார்ந்து பொறுக்கினோம். நல்லது வலப்பக்கம், உடைந்தது இடப்பக்கம். மெலிசாகக் கீறியதைக் கண்ணால் பார்த்தால் தெரியாது. விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அவனுக்கு அது வரவில்லை. நல்லதையெல்லாம் இடப்பக்கம் போட்டுக்கொண்டிருந்தான். நான் எடுத்து மாற்றி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தலை நிமிராமல் சொன்னான்:

"காலையில எல்லா வாக்கிக்கும் நான்தான்கா புது பேட்டரி போட்டேன்."

என் கை நின்றுவிட்டது.

"அப்புறம் ஏன்டா அப்படிச் சொன்னே?"

"பின்ன இன்னான்னு சொல்றது? ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவறதா? நாளைக்கி உங்க ஊரு வேற. அம்மாகிட்ட சொல்லி வெச்சிக்கீறீங்கன்னு டிரைவரண்ணன் சொன்னாரு." உடைந்த ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "நீங்க என்னைத் திட்டியிருந்தாகூட பரவால்லக்கா. பதிலே சொல்லாம இருந்தீங்க பாருங்க."

அப்போது நான் என்ன உணர்ந்தேன் என்று உண்மையைச் சொன்னால்தான் இதை எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது. வெட்கம் வந்தது. அதைவிட அதிகமாகப் பொறாமை வந்தது. சிரிக்க வைப்பதில் முந்தினான், சரி. களத்தில் செருப்பைக் கழற்றுவதிலும் முந்தினான். இப்போது பெருந்தன்மையிலும் என்னை முந்திவிட்டான். நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் அந்த பேட்டரியை எல்லோர் முன்னாலும் கழற்றிக் காட்டியிருப்பேன்.

மூன்று மணி அளவில் இயக்குநர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். பிரபு சாயங்காலம் பஸ்ஸில் திண்டிவனம் போய்விடட்டும், நாளைக்கு முகையூருக்குள் போகும்போது நீ காரில் உட்கார், ஆரம்பத்திலேயே உன்னைத்தான் போட்டிருக்க வேண்டும் என்றார்.

மூன்று வாரமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கடைசி வரியைக்கூட விடாமல் அப்படியே வந்தது. ஒரு கணம், ஒரு கணம்தான், நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா சாலையோரம் நிற்பது தெரிந்தது. நான் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு வருவது தெரிந்தது. அந்தக் காருக்குள் பிரபு இல்லை. எதிரே அவன் நல்ல மல்லாட்டையை உடைந்த பக்கம் போட்டுக்கொண்டிருந்தான்.

எழுந்தேன். இயக்குநரிடம் சொல்வதற்குமுன் அஞ்சலையிடம் போனேன். அந்த வரிசை முக்கியம், இதை நினைவில் வையுங்கள். தவறு செய்தால் சம்பளம் கொடுப்பவரிடம் முதலில் சொல்லத் தோன்றும். நஷ்டப்பட்டவரிடம் முதலில் சொல்லுங்கள்.

"அக்கா, அந்தப் பையன்மேல தப்பு இல்ல. ஏறலாமான்னு என்னைக் கேட்டான். எனக்குக் கேட்டுச்சு. ஏறக்கூடாதுன்னும் தெரியும். நான் சொல்லல."

அவர் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "ஏன் சொல்லல?"

"அவன் முன் சீட்ல ஒக்காந்துகினு இருந்தான். எனக்கு வயித்தெரிச்சல்."

அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பெண்களும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அவன்மேல வயித்தெரிச்சல்னா அவன் காரு டயர கிழிக்கிறதுதானே? உங்க ரெண்டு பேரு போட்டிக்கு என் வெததான் கெடைச்சுதா?" குரலை உயர்த்தவே இல்லை. "எந்த ஊரு நீ?"

"முகையூரு."

"முகையூர்ல பொறந்துட்டு..." என்றார். தன் முன்னாலிருந்த உடைந்த குவியலைக் கையால் என் பக்கம் தள்ளினார். "இத முழுக்க உரி. எண்ணெய்க்காவது ஆவும். உரிச்சி முடிச்சிட்டுத்தான் நீ எழுந்திரிக்கணும். அந்தப் பையன விடு, அவனுக்குப் பொறுக்கவே வரல, நல்லதெல்லாம் வீணாக்கறான்."

பிறகு இயக்குநரிடம் ஆங்கிலத்தில் அதையே சொன்னேன், ஒரு சொல்கூடக் குறைக்காமல். அவர் தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டார். மறுநாளைக்கு வேறு ஆள் தேட நேரமில்லை என்றார். பையன் காரிலேயே இருக்கட்டும், நீ வேனில் இரு, ஆனால் இனி உன் பதில் வராமல் எந்தக் காரும் ஒரு அடி நகராது என்றார். அது தண்டனையா நம்பிக்கையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. களத்துக் காட்சி எதுவும் ஒளிபரப்பாகவில்லை. ஆனால் அன்றைக்கு ஊர்க்காரர்கள் போனில் எடுத்தது மாவட்டம் முழுக்கச் சுற்றியது. மன்னிப்புக் கடிதத்தைத் தமிழில் நான்தான் எழுதினேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதச் சொன்னார்கள். அவர்கள் மூன்று பேருக்கும் தெரியாது என்று மட்டும் எழுதினேன்.

வெயில் தாழ்ந்தபோது என் விரல் நுனியெல்லாம் கன்றிப் போயிருந்தது. கொளஞ்சி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

மறுநாள் முகையூர் சாலை. மூன்று கார்களும் முன்னால், என் வேன் பின்னால். ஊர் எல்லையில் முன்கார் நின்றது. உருண்டை மூக்கின் இரண்டு பக்கமும் கூட்டம். வாக்கி கரகரத்தது.

"அக்கா, ரோட்ல உளுந்து காயுது. ஒரு அம்மா குறுக்க வந்து நிக்கிறாங்க. எம் பொண்ணு எங்கன்னு கேக்கறாங்க. கேமரா ஓடிக்கினு கீது. இன்னா சொல்றது?"

முன்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அம்மா நல்ல புடவை கட்டியிருந்தாள். காரின் முன் ஜன்னலுக்குள் தலையை விட்டு என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். பிரபு உட்கார்ந்திருந்த சீட்டில்.

நெஞ்செல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. முந்தின நாள் அவ்வளவு நடந்தும் துளிக்கூடக் குறையவில்லை. குறையும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பட்டனை அழுத்தினேன்.

"எங்கம்மாதான் அது. பொண்ணு பின்னாடி வேன்ல வர்றான்னு சொல்லு. உளுந்துமேல ஏறலாமா, எவ்ளோ மெதுவா ஏறணும், எல்லாம் அவங்களயே கேளு, கேமரா முன்னாடியே கேளு. பின் சீட்ல ஏத்திக்கோ. ஊர் வரைக்கும் அவங்களே வழி சொல்வாங்க."

பின்கதவு திறந்தது. அம்மா ஏறினாள். பிரபு திரும்பி ஏதோ சொன்னான். காருக்குள் மூன்று பேரும் சிரித்தார்கள். அம்மாவின் சிரிப்பு வாக்கி இல்லாமலே எனக்குக் கேட்டது. கார் உளுந்தின்மேல் மெதுவாக ஏறியது.

"அக்கா, அடுத்து லெஃப்டா ரைட்டா?"

"ரைட்டு," என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் உடனே சொன்னேன்.